16 பொத்தானும் 18-ஆம் கால்வாயும்

கச்சேரி என்று ஒன்று உலகத்தில் தொடங்கிய நாளிலிருந்து இருக்கிற பிரச்சினை ஒன்றே ஒன்றுதான்: ஆள் வரவில்லை. தபலாக்காரருக்குக் காய்ச்சல். கிடார்க்காரருக்கு மச்சினன் கல்யாணம். பேஸ் கிடார்க்காரர் வந்துவிட்டார், ஆனால் வந்த நிலைமை சரியில்லை. மேற்கே உள்ளவர்களும் ஜப்பான்காரர்களும் இதை உட்கார்ந்து யோசித்து, ஆள் இல்லாமலே வாசிக்கிற பெட்டி ஒன்றைச் செய்து முடித்தார்கள். அதற்குப் பெயர் ஸ்டெப் சீக்வென்ஸர்.

கம்பம் பள்ளத்தாக்கில் பிரச்சினை நேர்மாறு. இங்கே ஆள் வராமல் இருந்ததே கிடையாது. ஒரு மேளத்துக்குச் சொல்லிவிட்டால் உறுமிக்காரர் சித்தப்பா மகனைக் கூட்டி வருவார், அவர் தன் மாமனைக் கூட்டி வருவார், மாமன் சும்மா வரக் கூடாதே என்று ஒரு ஜால்ராவைத் தூக்கிக்கொண்டு வருவார். பந்தியில் இலை பத்தாது. ஆகவே, நியாயமாகப் பார்த்தால் சீக்வென்ஸருக்கும் தேனிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் நியாயமாக நடந்தால் அது சரித்திரமா? அந்தப் பெட்டியைத் தமிழ் சினிமாவின் நடுக்கூடத்தில் கொண்டுவந்து உட்கார வைத்த ஆள் உத்தமபாளையம் தாலுகா, பண்ணைப்புரத்துக்காரர்.

முதலில் பெட்டி என்ன செய்யும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். வரிசையாக 8 அல்லது 16 பொத்தான். உள்ளே ஒரு மின்துடிப்பு ஒன்றாம் பொத்தானில் கிளம்பி, இரண்டு, மூன்று என்று சீராக நடந்து, கடைசிப் பொத்தானைத் தொட்டதும் மறுபடி ஒன்றுக்குத் திரும்பும். எந்தப் பொத்தானை அமுக்கி வைத்திருக்கிறோமோ அங்கே ஒலி. அமுக்காத இடத்தில் மௌனம். அவ்வளவுதான். நம் பக்கத்து ஆளுக்கு இது புரிய இன்ஜினியரிங் வேண்டாம், முறைத்தண்ணீர் தெரிந்தால் போதும். நீர்கட்டி மண்வெட்டியோடு வரப்பில் நடப்பார். முதல் வயலுக்கு மடை திறப்பு, அடுத்ததற்கு அடைப்பு, அதற்கடுத்ததற்குப் பாதித் திறப்பு. கடைசி வயல் முடிந்ததும் மறுபடி முதல் வயல். மடையை எவ்வளவு அகலமாக வெட்டுகிறார் என்பதுதான் சீக்வென்ஸரில் திருகு. எவ்வளவு வேகமாக நடக்கிறார் என்பதுதான் டெம்போ. அவர் டீ குடிக்கப் போய்விட்டால் அதுதான் ‘ஸ்டாப்’. 1895-இல் பென்னிகுக் துரை, மேற்கே கேரளக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியாற்றை அணையில் மறித்துச் சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பினாரே, அதுவும் ஒரு இடத்தில் சொருகியிருந்த ஒயரைப் பிடுங்கி வேறு இடத்தில் சொருகியதுதான். அவர் படம் இங்கே வீட்டுக்கு வீடு தொங்குகிறது. சின்தசைஸர் செய்த மூக் துரைக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. அவர் பெட்டி நெல் விளைவிக்காது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஜப்பான்காரர் 16 பொத்தானோடு திருப்தியடைந்துவிட்டார். நம் பொதுப்பணித்துறை 18-ஆம் கால்வாய் வரைக்கும் போனது.

இப்போது புராணத்துக்கு வருவோம்.

தானாக வாசிக்கும் பெட்டியின் முதல் சிற்பிகள் என்று சொல்லத் தக்கவர்கள் 9-ஆம் நூற்றாண்டு பாக்தாதின் பனூ மூசா சகோதரர்கள். மூன்று பேர். தண்ணீர் விசையில் உருளை சுற்ற, உருளையில் அடித்த முளைகள் குழலின் துளைகளைத் திறந்து மூட, ஆள் இல்லாமல் குழல் வாசித்தது. முளை இருந்தால் ஒலி, இல்லாவிட்டால் இல்லை. பொத்தானின் தாத்தா அந்த முளை. கலீஃபாவின் அரண்மனையில் அன்றைக்குக் குழல் வாசித்துச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த மனிதர் என்ன நினைத்திருப்பார் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. நினைத்ததைச் சொல்லியிருந்தாலும் எழுதி வைக்கிற மாதிரி இருந்திருக்காது.

அதன் பிறகு ஆயிரம் வருடத்துக்குப் பெரிய விசேஷமில்லை. முளை உருளைகள் மணிக்கூண்டுக்குள் போயின, இசைப்பெட்டிக்குள் போயின. பிரான்ஸில் ஜக்கார் என்பவர் 1804-இல் ஓட்டை போட்ட அட்டைகளை வைத்துத் தறியில் பூ வேலை எடுத்தார். ஓட்டை இருந்தால் இழை மேலே, இல்லாவிட்டால் கீழே. ஆண்டிபட்டிப் பக்கத்து நெசவாளருக்கு இதைப் போய் விளக்கினால் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார்.

ஸ்விட்ச் போட்டால் ஓடுகிற சீக்வென்ஸர் என்று வரும்போது அமெரிக்காவின் ரேமண்ட் ஸ்காட்டில் தொடங்க வேண்டும். இவர் பேண்ட் நடத்தியவர். ஒரு பிசிறு இல்லாமல் வாசிக்க வேண்டும் என்று வாத்தியக்காரர்களின் உயிரை எடுத்தவர். மனிதர்களை இயந்திரமாக்கப் பார்த்து முடியாமல், கடைசியில் இயந்திரத்தையே செய்யப் போய்விட்டார். 1950-களில் அவர் வீட்டுச் சுவர் முழுக்க ரிலேக்கள். அவை வரிசையாகத் திறந்து மூடும்போது வந்த சடசட சத்தமே ஒரு தனிக் கச்சேரி. மூக் துரை இளம் வயதில் தன் அப்பாவோடு போய் அதைப் பார்த்து வாய் பிளந்திருக்கிறார். ஸ்காட்டோ யாரிடமும் சூத்திரத்தைச் சொல்லாமல் ரகசியமாக வைத்திருந்தார். ரகசியத்தை அவ்வளவு நன்றாகக் காப்பாற்றியதால் பெயரும் அவருக்குக் கிடைக்கவில்லை. நம் ஊர் நாட்டு வைத்தியர்களுக்கு நேர்ந்ததுதான்.

1960-களின் நடுவில் சான் பிரான்சிஸ்கோவில் டான் புக்லா என்பவர் செய்ததுதான் விற்பனைக்கு வந்த முதல் தலைமுறைப் பெட்டி. மார்ட்டன் சுபாட்னிக், ராமோன் செண்டர் என்ற இரண்டு இசைக்காரர்கள் ஒலிநாடாவைப் பிளேடால் வெட்டி ஒட்டி வெட்டி ஒட்டிக் கை சலித்துப் போய், ‘இதைச் சுருக்கமாகச் செய்ய ஏதாவது கொடு’ என்று கேட்டதற்கு வந்த பதில் அது. பிறகு மூக் கம்பெனியும் மூன்று வரிசை, எட்டு எட்டுத் திருகு என்று ஒன்றை விட்டது. அந்தக் காலத்துப் பெட்டியில் எட்டு சுரத்தையும் ஒவ்வொன்றாகத் திருகிச் சுருதி சேர்க்க வேண்டும். எட்டாவதைச் சேர்த்து முடிக்கும்போது முதலாவது சூடேறிச் சுருதி இறங்கியிருக்கும். கண்டுபிடித்தவர் யாரானாலும் தம்புராக்காரர் சாபம் விடாது.

மூக் பெட்டி இந்தியாவுக்கும் சீக்கிரமே வந்துவிட்டது, யாருக்கும் தெரியாமல். 1969-இல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்புக் கழகத்தில் டேவிட் டியூடர் என்ற அமெரிக்கர் வந்து ஒரு மூக் சின்தசைஸரை நிறுவிக் கொடுத்தார். மனிதன் நிலாவில் கால் வைத்த அதே வருடம். நிலாவுக்குப் போனது தேனி டீக்கடை வரைக்கும் தெரிந்தது, அகமதாபாத்துக்கு வந்தது அகமதாபாத்துக்கே தெரியவில்லை. சில பேர் சில வருடம் அதில் அருமையான ஒலிநாடாக்கள் செய்தார்கள், பிறகு பெட்டி மூலைக்குப் போனது. அரசுச் சார்பு நிறுவனத்தில் ஒரு பொருள் மூலைக்குப் போவதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை.

இனி ஜப்பான். இகுதாரோ காகேஹாஷி என்று ஒருவர். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவர். பிழைப்புக்குக் கடிகார ரிப்பேர் செய்தவர். கடிகாரக்காரர் கையில் சங்கீதம் சிக்கினால் என்ன ஆகும்? அவர் 1972-இல் ஒசாகாவில் தொடங்கிய ரோலண்ட் கம்பெனிதான் ஆனது. 1980-இல் டிஆர்-808 என்ற தாளப் பெட்டி. கீழே 16 பொத்தான். நாலு சிவப்பு, நாலு ஆரஞ்சு, நாலு மஞ்சள், நாலு வெள்ளை. பொங்கலுக்கு மாட்டுக்கொம்பில் அடித்த வர்ணத்தில் கொஞ்சம் மிச்சம் வைத்திருந்தார்கள் போலிருக்கிறது. அதன் சத்தம் நிஜ டிரம் மாதிரியே இல்லை என்று அன்றைக்கு எல்லாரும் கழுவி ஊற்றினார்கள். அதில் ஒரு ‘சிஸ்ஸ்’ ஒலிக்காகவே தரச்சோதனையில் தேறாத டிரான்சிஸ்டர்களை வாங்கிப் போட்டிருந்தார் காகேஹாஷி. தொழிற்சாலைகள் தரத்தை உயர்த்தப் போக, தேறாத சரக்கு கிடைக்காமல், 1983-இல் 808-இன் கதை முடிந்தது. பழுது தீர்ந்ததால் நின்றுபோன கருவி உலகத்தில் அநேகமாக இது ஒன்றாகத்தான் இருக்கும்.

அடுத்து வந்த டிபி-303-தான் நம் கதையின் கோமாளி. 1981-இல் வெளியான வெள்ளிநிறப் பெட்டி. தனியாக உட்கார்ந்து கிடார் பழகுகிறவருக்கு பேஸ் வாசிக்கத் துணை ஆள் வேண்டாமா, அதற்காகச் செய்தது. வடிவமைத்தவர் டடாவ் கிகுமோட்டோ. சங்கீதத்தில் துணை இல்லாதவனுக்குத் துணை என்பது உயர்ந்த எண்ணம். ஆனால் அதில் ஒரு பாட்டை எழுதி வைக்கிற முறை இருக்கிறதே, அதைச் செய்து முடிப்பதற்குள் நாலு தெரு சுற்றி ஒரு பேஸ்காரரைக் கண்டுபிடித்து அழைத்து வந்துவிடலாம்.

எப்படி என்று கேளுங்கள். முதலில் ‘பிட்ச் மோடு’. இதில் தாளத்தை மறந்துவிட்டு, வரப்போகிற சுரங்களை மட்டும் வரிசையாகப் போட வேண்டும். ச, க, க, ப, ச என்று வைத்துக்கொள்வோம். ஐந்து சுரம் போட்டாயிற்று. அடுத்து ‘டைம் மோடு’. இப்போது சுரத்தை மறந்துவிட்டு 16 கட்டத்தையும் ஒவ்வொன்றாகத் தாண்டி, இங்கே புதுச் சுரம், இங்கே முந்தியதன் நீட்டல், இங்கே மௌனம் என்று மூன்று பொத்தானில் ஒன்றை அமுக்கிக்கொண்டே போக வேண்டும். ஏழாம் கட்டத்தில் தும்மினால் எண்ணிக்கை போயிற்று, மறுபடி முதலிலிருந்து. இரண்டும் முடிந்து ஓட விட்டால்தான் இரண்டும் கலந்து காதில் விழும். நாம் நினைத்தது பெரும்பாலும் விழாது. அதன் பிறகு எந்தச் சுரத்துக்கு அழுத்தம், எந்தச் சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கல் என்று குறிக்க வேண்டும். இத்தனையும் நினைவில் வைத்திருப்பது உள்ளே இருக்கும் பேட்டரி. பேட்டரி செத்தால் பாட்டும் செத்தது. சில சமயம் சாகாமல், பெட்டி தானாகவே கன்னாபின்னாவென்று ஒரு பாட்டை வைத்திருக்கும். அது நாம் போட்டதைவிட நன்றாக இருக்கும். அவமானம் தாங்காமல் பலர் பெட்டியை விற்றார்கள். 1984-இல் ரோலண்டும் கைகழுவியது.

பழைய சாமான் கடையில் சல்லிசாகக் கிடந்த 303-ஐ வாங்கி, பேஸ் என்பதையே மறந்து, ஓடும்போதே திருகுகளைக் கன்னாபின்னாவென்று திருகிய சிகாகோ பையன்கள் மூன்று பேர், ஃபியூச்சர் என்ற பெயரில், 1987-இல் ‘ஆசிட் டிராக்ஸ்’ வெளியிட்டார்கள். ஆசிட் ஹவுஸ் என்ற இசையே பிறந்துவிட்டது என்று உலகம் கொண்டாடியது.

உலகத்துக்குத் தெரியாமல் பம்பாயில் ஒருவர் ஐந்து வருடம் முந்திவிட்டார். சரண்ஜித் சிங். இந்தி சினிமா ஸ்டுடியோக்களில் வாசித்தவர், கல்யாணக் கச்சேரிகளுக்கும் போனவர். 1982-இல் 808, 303, ஜூப்பிட்டர்-8 மூன்றையும் ஒன்றோடொன்று கட்டி ஓட விட்டு, மேலே பைரவி, லலித், பூபாளி, தோடி, யமன், மால்கௌன்ஸ் என்று பத்து ராகம் வாசித்துத் தள்ளினார். ‘டிஸ்கோ தாளத்தில் பத்து ராகங்கள்’ என்று எச்எம்வி இசைத்தட்டு போட்டது. பூபாளி என்றால் நம் மோகனம், மால்கௌன்ஸ் என்றால் நம் இந்தோளம். சங்கீத சபாக்காரர்கள் ஏறிட்டுப் பார்த்திருக்கலாம். டிஸ்கோக்காரர்கள் ராகம் என்று ஓடினார்கள், ராகக்காரர்கள் டிஸ்கோ என்று ஓடினார்கள், தட்டு கிட்டங்கியில் தங்கியது. 2010-இல் ஒரு டச்சுக்காரர் அதைத் தேடியெடுத்து மறுபடி வெளியிட்ட பிறகுதான் ‘இது சிகாகோவுக்கு முந்தியதல்லவா’ என்று உலகமே தலையில் கை வைத்தது. அந்தப் பெரியவர் வயதான காலத்தில் அதே பெட்டிகளோடு ஐரோப்பிய மேடைகளில் போய் வாசித்தார். 303-இல் அவர் பிடித்த சூட்சுமம் அந்த வழுக்கல்தான். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு நழுவிப் போகிற அந்த வசதியை கிகுமோட்டோ கமகத்துக்காகச் செய்யவில்லை. ஆனால் நம் ஊர்க் கையில் சிக்கினால் எதுவும் கமகம் பேசும்.

இப்படி பாக்தாத், சிகாகோ, பம்பாய் என்று பெட்டி சுற்றிக்கொண்டிருந்த காலத்தில் பண்ணைப்புரத்தில் என்ன நடந்தது?

அங்கே ஒரே ஒரு ஆர்மோனியம் இருந்தது. அதற்கு உரியவர் பாவலர் வரதராசன். தம்பிகள் பாஸ்கர், ராசையா, அமர்சிங். அண்ணன் கம்யூனிஸ்ட் கட்சிக்காக ஊர் ஊராகப் பாடியவர். 1958-இல் கேரளத்தின் தேவிகுளம் இடைத்தேர்தலில், போடி மெட்டுக்கு அந்தப் பக்கம் தேயிலைத் தோட்டங்களில் தமிழில் பாடினார். கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் ஜெயித்தார். ஒரு ஆர்மோனியம் எம்எல்ஏ-வை உண்டாக்கிய கதை அது. இன்றைக்கு இருக்கிற சாப்ட்வேர் ஒன்றுக்கும் அந்தத் தகுதி கிடையாது.

பாவலர் குழுவில் யாராவது வராவிட்டால் என்ன செய்தார்கள்? இன்னொரு தம்பியை இறக்கினார்கள். பெண் குரல் வேண்டும் என்றால் ராசையா பெண் குரலில் பாடினார். அம்மா சின்னத்தாய் வீட்டு ரேடியோவை விற்று 400 ரூபாய் கொடுத்தனுப்ப, தம்பிகள் சென்னைக்கு வந்தார்கள். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையின் குறியீடு படித்தார் ராசையா. சலில் சௌத்ரிக்குக் கிடாரும் காம்போ ஆர்கனும் வாசித்தார், ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார், 1976-இல் ‘அன்னக்கிளி’. இளையராஜா என்று ஆன பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். ஒன்றை மட்டும் சொல்கிறேன்: காலையில் வந்து உட்கார்ந்து, தாளில் கோடு போட்டு, வயலினுக்கு இன்னது, புல்லாங்குழலுக்கு இன்னது, பேஸ் கிடாருக்கு இன்னது, டிரம்ஸுக்கு இன்னது என்று வாத்தியத்தைத் தொடாமலே எழுதித் தள்ளுவார். தாளைப் பிரதி எடுத்து ஒவ்வொருவர் முன்னாலும் வைப்பார்கள். எண்ணி முடித்ததும் அத்தனை பேரும் அதை அப்படியே வாசிப்பார்கள். ஒலிக்குமுன் முழுப் பாட்டும் தலைக்குள் ஓடி முடிந்திருக்க வேண்டும். எழுதும்போது எதையும் கேட்டுப் பார்க்க முடியாது. 303-இன் அதே அவஸ்தைதான். ஒரு வித்தியாசம்: அவர் ஏழாம் கட்டத்தில் தும்மியதில்லை.

ஆக 1980-களின் தொடக்கத்தில் உலகத்தின் ஆகச் சிறந்த சீக்வென்ஸர் சாலிகிராமத்துப் பிரசாத் ஸ்டுடியோவில் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பேட்டரி தேவையில்லை. மத்தியானச் சாப்பாடு மட்டும் நேரத்துக்கு வேண்டும்.

அப்படிப்பட்டவருக்குப் பெட்டி எதற்கு? இதுதான் சரித்திரத்தின் குறும்பு. 1983-இல் மிடி வந்தது. ஒரு கம்பெனியின் கீபோர்டும் இன்னொரு கம்பெனியின் கீபோர்டும் பேசிக்கொள்ள ஒரே பாஷை. காகேஹாஷியும் அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும் சேர்ந்து முன்னின்று செய்த ஏற்பாடு. போட்டிக் கம்பெனிகள் ஒன்று கூடிப் பொதுவில் ஒரு காரியம் செய்தன என்பதை நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும். தேனி மாவட்டத்தில் இரண்டு ஆர்கெஸ்ட்ரா ஒரே ஊர் திருவிழாவுக்கு வந்தால் ஒரே கரண்ட் கம்பத்தைக்கூடப் பகிர்ந்துகொள்ளாது. மிடியோடு கம்ப்யூட்டரும் சேர்ந்தது. கமல்ஹாசன் 1986-இல் ‘விக்ரம்’ எடுத்தார். ஏவுகணையைத் திருடிக்கொண்டு ஒருவன் ஓட, கம்ப்யூட்டர் தெரிந்த பெண்ணோடு கதாநாயகன் துரத்துகிறான். கதை சுஜாதா, பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளர், மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தில் கை வைத்தவர். இப்படியொரு கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு இளையராஜா மண்டபத்து நாதஸ்வரமா போட முடியும்? படத்தின் பெயரையே பாடும் அந்தப் பாட்டு கம்ப்யூட்டர் இசை என்ற பேச்சோடு வந்தது. கம்பத்திலும் சின்னமனூரிலும் டெண்டுக் கொட்டகையில் பார்த்தவர்கள் திரைக்குப் பின்னால் கம்ப்யூட்டர் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்திருப்பார்கள். ‘அதுவாப் பாடுதாம்ல மாப்ள.’ ‘அப்ப காசு யாருக்கு?’ என்று யாராவது கேட்டிருந்தால் அவர்தான் பிற்கால இசைத் தொழில் முழுவதையும் ஒரே கேள்வியில் கேட்டவர்.

அதே வருடம் தீபாவளிக்கு கே. பாலசந்தரின் ‘புன்னகை மன்னன்’. கமலும் ரேவதியும் ஆடுவதற்கான அந்தத் தீம் இசையில் சீக்வென்ஸர் ஓடுகிறது. பேஸும் தாளமும் ஒரு இம்மி அசையாமல் நடக்கின்றன. கவனித்துக் கேளுங்கள்: பண்ணைப்புரத்துக்காரர் பெட்டிக்கு முழு இடத்தையும் கொடுத்துவிடவில்லை. அதை ஒரு வாத்தியக்காரராகத்தான் நடத்துகிறார். ‘நீ உன் 16 கட்டத்தை ஒழுங்காகச் சுற்று’ என்று ஓரமாக உட்கார வைத்துவிட்டு, மேலே மனிதர்களை விட்டு அலைய வைக்கிறார். இந்த இரண்டில் எந்தப் படம் முதல் என்று இன்றும் ரசிகர்கள் டீக்கடையில் சண்டை போடுகிறார்கள். ஐந்து மாத இடைவெளிக்குள் இரண்டும் வந்துவிட்டதால் சண்டை முடியப் போவதில்லை, முடியவும் வேண்டாம்.

அந்தக் காலத்தில் இளையராஜாவின் குழுவில் கீபோர்டு வாசித்த ஓர் இளைஞன் இருந்தான். பெயர் திலீப். அப்பா ஆர்.கே. சேகர் மலையாளப் படங்களின் இசையமைப்பாளர், 1976-இலேயே இறந்துவிட்டார். வீட்டில் அவர் விட்டுப்போன வாத்தியங்களை வாடகைக்கு விட்டுக் குடும்பம் நடந்தது. அதாவது உலகத்தின் மற்றப் பையன்கள் சின்தசைஸரை விளையாட்டாகத் தொட்ட காலத்தில், இந்தப் பையனுக்கு அது வீட்டு அரிசி. பொத்தானை எப்படித் தொட வேண்டும் என்று அவனுக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. பெரியவர் பெட்டியை ஒரு பக்கவாத்தியமாக வைத்திருந்தார். பையன் பெட்டியையே கோயிலாக்கிக் கொண்டான். 1989-இல் வீட்டிலேயே ‘பஞ்சதன்’ ஸ்டுடியோ, 1992-இல் ‘ரோஜா’, பெயர் ஏ.ஆர். ரஹ்மான். ஐம்பது அறுபது பேரைக் காலையில் அழைத்து மாலையில் அனுப்புகிற பதிவு முறை மெல்ல மறைந்து, ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவர் மட்டும் வந்து வாசித்துவிட்டுப் போகிற முறை வந்தது. கோடம்பாக்கத்து டீக்கடைகளின் காலை வியாபாரம் ராத்திரிக்கு மாறியது என்பது இசை வரலாற்றாசிரியர்கள் விட்டுவிட்ட செய்தி.

ஆக, ஆள் பஞ்சமே இல்லாத பள்ளத்தாக்கிலிருந்து போனவர் ஆள் வராததற்கான பெட்டியை ஏற்றார். ஆள் வர வேண்டிய அவசியமே இல்லாத காலத்தை அவர் கூடத்தில் வாசித்த பையன் கொண்டுவந்தான். இதில் யாருக்குச் சம்பளம் கூடியது, யாருக்குக் குறைந்தது என்பது சங்கத்துக் கணக்கு. நான் அதற்குள் போகவில்லை.

இத்தனை பெருமைக்கும் நடுவில் இந்த 16 பொத்தான் நம் ஊரில் ஒரு இடத்தில் மண்ணைக் கவ்வும்: குத்து. ஆதி தாளம் என்றால் பிரச்சினையே இல்லை. எட்டு அடி, அடிக்கு இரண்டு கட்டம், 16 முடிந்தது. ‘தகதிமி’யை நாலு முறை சொன்னாலும் 16. ஜப்பான்காரர் தஞ்சாவூரில் படித்தாரோ என்று சந்தேகமே வரும். மிஸ்ர சாப்பு என்றால் 14-ஆம் கட்டத்தோடு வெட்டிவிடலாம். ஆனால் சித்திரை மாதம் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்கு வாருங்கள். முல்லையாற்றங்கரையில் தீச்சட்டிக்காரர்களுக்கு முன்னால் அடிக்கிற அடி நாலு நாலாக நடப்பதில்லை. மூன்று மூன்றாக நொண்டும். ‘டண்டணக்கு’ என்று வாயால் சொல்லிப் பாருங்கள். ‘டண்’ இரண்டு கட்டம், ‘ட’ ஒன்று, ‘ணக்’ இரண்டு, ‘கு’ ஒன்று. ஆறு. இரண்டு முறை சொன்னால் 12. ஆகவே 808-இல் வேகக் கட்டத்தை மும்மைக்கு மாற்றி, 12-ஆம் பொத்தானோடு நிறுத்தி, 1, 3, 4, 6, 7, 9, 10, 12 என்று அமுக்க வேண்டும். மிச்சம் நாலு வெள்ளைப் பொத்தான் சும்மா கிடக்கும். வெள்ளைக்காரன் போன பிறகும் வெள்ளைப் பொத்தானை என்ன செய்வது என்று நமக்குத் தெரியவில்லை.

சரி, 12-ஐ அமுக்கி ஓட விட்டீர்கள். சத்தம் சரி, கணக்கு சரி, ஆனால் ஒருவர்கூட ஆட மாட்டார். ஏன் என்றால், சாமி வந்தவர் பக்கத்தில் வரும்போது உறுமிக்காரர் மூன்றாம் அடியை ஒரு மயிரிழை தள்ளிப் போடுவார். பறைக்காரர் அதைப் பார்த்து ஆறாம் அடியை ஒரு மயிரிழை முந்திப் போடுவார். இரண்டு மயிரிழைக்கும் நடுவில்தான் சாமி இறங்கும். அதற்குப் பெட்டியில் ‘ஷஃபிள்’ என்று ஒரு திருகு பிற்பாடு வைத்தார்கள். வைத்தது நல்லதுதான். ஆனால் திருகுக்குச் சாமி வந்தவரின் கண் தெரியாது. அவர் எந்தப் பக்கம் சாயப் போகிறார் என்று பார்த்துத் தள்ளிப் போட அதற்கு வழியில்லை.

சாமி இறங்காவிட்டால் என்ன, கல்யாணம் நடக்க வேண்டுமே. இன்று தேனியில் எந்த மண்டபத்தில் நுழைந்தாலும் சீக்வென்ஸரின் பேரன் உட்கார்ந்திருப்பான்: ‘ஸ்டைல்’ உள்ள கீபோர்டு. யமஹாக்காரர்களே இந்தியாவுக்கென்று தனியாக மாடல் விட்டு, உள்ளே தபலா, தோலக் எல்லாம் ஏற்றித் தருகிறார்கள். இடது கையில் கார்டு பிடித்தால் போதும்; டிரம்ஸ், பேஸ், கிடார் எல்லாம் உள்ளேயிருந்து வந்துவிடும். பக்கத்தில் ஆக்டோபேடு ஒன்று. முன்பு பதினைந்து பேர் வேனில் வந்து இறங்கிய ஆர்கெஸ்ட்ரா இப்போது இரண்டு பேரும் ஒரு பெண் பாடகியுமாக பைக்கிலும் ஷேர் ஆட்டோவிலும் வருகிறது. பந்திக்காரருக்கு இதில் பரம சந்தோஷம். உறுமிக்காரரின் சித்தப்பா மகனுக்குத்தான் இலை குறைந்தது.

பண்ணைப்புரத்துக்காரரோ எதிர்த்திசையில் போனார். 2025 மார்ச் 8-ஆம் தேதி லண்டனில், ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவை உட்கார வைத்து, தன் ‘வேலியண்ட்’ சிம்பொனியை அரங்கேற்றினார். மேடையில் பெட்டி இல்லை, பொத்தான் இல்லை. தாளில் எழுதியதைப் பார்த்து அத்தனை பேரும் வாசித்தார்கள். ஒருவரும் மச்சினன் கல்யாணம் என்று லீவு போடவில்லை.

இங்கே மண்டபத்துக் கீபோர்டுக்காரரின் கஷ்டம் வேறு. அவர் பெட்டியில் தொடக்கத்துக்கு ‘இன்ட்ரோ’, நடுவில் மாற்றத்துக்கு ‘ஃபில்’, முடிக்க ‘எண்டிங்’ என்று தனித்தனிப் பொத்தான். எண்டிங்கை அமுக்கினால் டிரம்ஸ் உருண்டு, பேஸ் இறங்கி, சிம்பல் விழுந்து, தானாகவே கம்பீரமாக நின்றுவிடும். ஜப்பானில் நின்றுவிடும். இங்கே அவர் அந்தப் பொத்தானை அமுக்கி, உருளல் முடிந்து சிம்பல் விழுவதற்குள், மாப்பிள்ளையின் தாய்மாமன் ஒருவர் மேடை ஏறி, ஒரு 100 ரூபாயைக் கீபோர்டு மேல் வைத்து, தோளில் கை போட்டு, ‘தம்பி, ராஜா பாட்டு ஒண்ணு’ என்பார். பாட்டு மாறினால் எல்லாம் முதலிலிருந்து. ஸ்டாப், மறுபடி ஸ்டைல் எண், மறுபடி டெம்போ, மறுபடி இன்ட்ரோ. அதற்குள் மாமன், மைக்கைப் பிடித்து, சுருதியும் தாளமும் கேட்காமல், பாடவே தொடங்கியிருப்பார்.